கப்பல் நிறுவனத்தின் தலைவி: சுமதி மொரார்ஜி

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவைக் கடந்து அகத்தியமலையின் அடிவாரத்தை நோக்கி ஏறினால் போனக்காடு வரும். ஆங்கிலேயர் காலத்தில் உண்டான தேயிலைத் தோட்டம் அது. தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தவர்களின் கைகள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தன. பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, சலித்துப் பெட்டியில் அடைப்பார்கள் என்பதை அம்மலைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாத்தாவோ பாட்டியோ சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒரு கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. அந்நாளில் நம் நாட்டு மலைகளிலிருந்து இறங்கிய தேயிலைப் பெட்டிகள் கடலை எப்படிக் கடந்தன? அவற்றைச் சுமந்த கப்பல் யாருடையது?

மாணவர்களே, நூறு ஆண்டுகளுக்கு முன் இக்கேள்விக்கு ஏறத்தாழ ஒரே விடைதான் இருந்தது. கப்பல் ஆங்கிலேயருடையது. தேயிலையும் பருத்தியும் அரிசியும் நம் நாட்டில் விளைந்தன. அவற்றை ஏற்றிச் செல்லும் கூலி வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சென்றது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் பிழைக்கச் சென்ற தமிழர்கள் கொடுத்த பயணக் கட்டணமும் அவ்வாறே சென்றது. விளைவிப்பவரிடமும் வாங்குபவரிடமும் நடுவில் நின்று பணம் பெறுபவர் கப்பல் முதலாளி. இந்த நடுவிடத்தை இந்தியர் பிடிக்க முயன்ற நெடும் போராட்டத்தின் பிற்பாதியில், ஒரு பெரிய கப்பல் நிறுவனத்தின் பொறுப்பைத் தம் தோளில் ஏற்ற பெண்மணியின் வரலாறே இப்பாடம். அவர் பெயர் சுமதி மொரார்ஜி. மொரார்ஜி என்றதும் நம் நாட்டின் பிரதமராக இருந்த மொரார்ஜி தேசாய் உங்கள் நினைவுக்கு வரலாம். அவர் வேறு, இவர் வேறு.

இப்போராட்டத்தின் முற்பாதி நம்மவருடையது. தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனார் 1906ஆம் ஆண்டு சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அவை ஓடத் தொடங்கியதும் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் தன் கட்டணத்தை மிகவும் குறைத்தது. இலவசமாகவே ஏற்றிச் செல்லவும், வருவோர்க்குக் குடை கொடுக்கவும் முன்வந்தது என்பர். 1908இல் சிதம்பரனார் கைது செய்யப்பட்டுக் கொடுந்தண்டனை பெற்றார். தலைவரைச் சிறையில் வைத்துவிட்டால் நிறுவனம் எவ்வளவு நாள் தாங்கும்? 1911இல் அது கலைக்கப்பட்டது. இவ்வளவும் நீங்கள் முன்வகுப்பில் படித்திருப்பீர்கள். ஆனால் பலர் இத்துடன் கதை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். கடலில் இந்தியரின் முயற்சி எட்டே ஆண்டுகளில் மேற்குக் கரையில் மீண்டும் தலைதூக்கியது.

1919ஆம் ஆண்டு மும்பையில் வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி, கிலாசந்த் தேவசந்த், லல்லுபாய் சாமள்தாஸ் ஆகிய வணிகர்கள் ஒன்றுகூடி ஒரு கப்பல் நிறுவனம் தொடங்கினர். குவாலியர் மன்னரான சிந்தியாவிடமிருந்து 'லாயல்டி' என்னும் கப்பலை வாங்கியதால் நிறுவனத்துக்குச் சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் எனப் பெயரிட்டனர். 1919 ஏப்ரல் 5ஆம் நாள் அக்கப்பல் மும்பையிலிருந்து இலண்டனை நோக்கிப் புறப்பட்டது. இன்றும் நம் நாட்டில் ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுவது இதனால்தான்.

தூத்துக்குடியில் நடந்ததே மும்பையிலும் நடந்தது. கட்டணப் போர் என்பது அதன் பெயர். அதை எளிதாக விளக்கலாம். ஓர் ஊரில் பெரிய மளிகைக் கடை ஒன்று இருக்கிறது. எதிரே ஏழை ஒருவர் சிறு கடை வைக்கிறார். உடனே பெரிய கடைக்காரர் அரிசியை வாங்கிய விலைக்கும் குறைவாக விற்கிறார். அவருக்கு நட்டம்தான், ஆனால் அவர் ஆறு மாதம் நட்டத்தைத் தாங்குவார், சிறு கடைக்காரர் ஆறு வாரம்கூடத் தாங்கமாட்டார். எதிர்க்கடை மூடியதும் அரிசி விலை பழையபடி ஏறும். கப்பல்காரர்கள் இதற்கு மேலும் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். சரக்கு அனுப்பும் வணிகர் செலுத்திய கட்டணத்தில் ஒரு பகுதியைத் தாமே பிடித்து வைத்துக்கொள்வர். குறிப்பிட்ட மாதங்கள் வரை வேறு எந்தக் கப்பலிலும் அவர் சரக்கு ஏற்றாதிருந்தால்தான் அத்தொகை திரும்பக் கிடைக்கும். ஒரு மூட்டையைப் புதிய நிறுவனத்தின் கப்பலில் அனுப்பினாலும் பிடித்த பணம் முழுதும் போய்விடும். இவ்வாறு வணிகர்களின் கையை அவர்கள் பணத்தாலேயே கட்டினர். சிந்தியா நிறுவனம் வீழவில்லை. எனினும் 1923இல் இறங்கிவர வேண்டியதாயிற்று. பத்தாண்டுகளுக்கு இந்தியா, பர்மா, இலங்கைக் கரையோரத்தில் மட்டுமே ஓடுவதாகவும், 75,000 டன்னுக்கு மேல் கப்பல் வைத்திருப்பதில்லை எனவும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டது.

இத்தகைய நிறுவனத்தின் குடும்பத்திற்குத்தான் சுமதி மருமகளாக வந்தார். 1909 மார்ச் 13ஆம் நாள் மும்பையில் செல்வம் மிகுந்த குஜராத்தி வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தந்தை மதுராதாஸ் கோகுல்தாஸ், தாய் பிரேமாபாய். பெற்றோர் இட்ட பெயர் ஜமுனா. அக்கால வழக்கப்படி மிக இளம் வயதிலேயே அவரை நரோத்தம் மொரார்ஜியின் ஒரே மகனான சாந்திகுமாருக்கு மணம் செய்வித்தனர். புகுந்த வீட்டில் அவருக்குச் சுமதி என்று புதுப்பெயர் வந்தது. நல்லறிவு உடையவள் என்பது அதன் பொருள். ஒரு சிறுமியின் பெயரைக்கூட அவளைக் கேளாமல் மாற்றும் காலம் அது. அந்தப் பெயரே பின்னாளில் துறைமுகங்கள்தோறும் மதிப்புடன் சொல்லப்பட்டது.

சுமதி ஏறத்தாழ இருபது வயதில் நிறுவனத்தின் முகவாண்மைக் குழுவில் சேர்க்கப்பட்டார். முகவாண்மை என்னும் சொல்லைச் சற்று விளக்க வேண்டும். அந்நாளில் ஒரு பெரிய நிறுவனத்தைப் பங்குதாரர்கள் நேரடியாக நடத்துவதில்லை. முதலாளிக் குடும்பத்தின் சிறு குழு ஒன்று ஒப்பந்தத்தின்படி நிருவாகம் முழுவதையும் ஏற்று நடத்தும். அதுவே முகவாண்மை. இம்முறை 1970இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனவே சுமதி அமர்ந்த இடம் அழகுக்காகப் போடப்பட்ட நாற்காலி அன்று. முடிவுகள் பிறக்கும் இடம். ஆனால் அவருக்கு அவ்விடம் குடும்ப உறவால் கிடைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருபது வயதில் வேறு எந்தப் பெண்ணும் விண்ணப்பம் போட்டு அந்த அறைக்குள் நுழைந்திருக்க முடியாது. நுழைந்த பின் அவர் என்ன செய்தார் என்பதே நாம் பார்க்க வேண்டியது.

1929இல் மாமனார் நரோத்தம் மொரார்ஜி மறைந்தார். வால்சந்த் ஹீராசந்த் தலைமையேற்றார். சுமதி ஆண்டுக்கணக்கில் இருந்து தொழிலைக் கற்றார். கப்பல் தொழில் வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு எளிதாகத் தோன்றும். கப்பலை வாங்கினால் ஓட்டலாம், ஓட்டினால் பணம் வரும் என்று நினைப்போம். உண்மையில், கப்பல் கரையில் நின்றால் பணம் கரையும். ஓடாத நாளிலும் மாலுமிகளுக்குச் சம்பளம் உண்டு. துறைமுகத்துக்கு வாடகை உண்டு. காப்பீட்டுத் தொகை உண்டு. ஒரு துறைமுகத்தில் சரக்கை இறக்கினால் அங்கிருந்து திரும்பிவரச் சரக்கு வேண்டும். வெறுங்கப்பல் திரும்புவது நட்டம். எந்த மாதத்தில் எந்தக் கரையில் நெல் அறுவடை, எங்கே பஞ்சு குவிகிறது, எங்கே நிலக்கரி மலிவு என்பதையெல்லாம் மும்பையில் அமர்ந்தபடியே அறிந்திருக்க வேண்டும். தொலைபேசியே அரிதான காலத்தில் தந்தியையும் கடிதத்தையும் கொண்டு இவற்றைச் செய்தனர். 1946ஆம் ஆண்டளவில் நிறுவனத்தின் முழுப் பொறுப்பும் சுமதியிடம் வந்தது. அவருக்குக் கீழே ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் பணிபுரிந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கப்பல் தலைவர்களும் பொறியாளர்களும் கணக்கர்களும் ஒரு பெண்ணிடம் உத்தரவு பெறுவது அன்று மிக அரிய காட்சி.

இதே ஆண்டுகளில் அவருக்கு வேறொரு வாழ்வும் இருந்தது. சுமதியும் சாந்திகுமாரும் காந்தியடிகளுக்கு நெருக்கமானவர்கள். சுமதி அவருடன் தொடர்ந்து கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். 1944 மே மாதம் ஆகாகான் மாளிகைச் சிறையிலிருந்து நோயுற்று விடுதலையான காந்தியடிகள், உடல் தேற மும்பையின் ஜூகு கடற்கரையில் இக்குடும்பத்தின் வீட்டில்தான் தங்கினார். 1942 முதல் 1946 வரை விடுதலைக்கான மறைமுக இயக்கத்திலும் சுமதி பங்குகொண்டார். அரசின் உரிமமும் ஒப்பந்தமும் இன்றி ஒரு நாளும் நடக்காத தொழிலைச் செய்துகொண்டே அதே அரசை எதிர்ப்பது எளிய செயல் அன்று. சிதம்பரனாரின் கப்பல்களுக்கு நேர்ந்த கதி அனைவர்க்கும் தெரிந்ததே.

இந்தியக் கப்பலை இந்தியாவிலேயே கட்ட வேண்டும் என்பதும் சிந்தியா நிறுவனத்தின் நெடுநாள் வேட்கை. 1941 ஜூன் மாதம் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்துக்கு இராசேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அங்கே கட்டிய முதற்கப்பல் 'ஜல உஷா'. 1948 மார்ச் மாதம் பிரதமர் நேரு அதைக் கடலில் இறக்கினார். நீரின் விடியல் என்று அப்பெயர்க்குப் பொருள் கொள்ளலாம். பெயர் வைத்தவர் யாராயினும் நல்ல காதுடையவர். பின்னர் இத்தளத்தை அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது. இன்று அது இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளம் எனப்படுகிறது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு நாடு இரண்டாயிற்று. 1947இல் பஞ்சாபின் பிரிவினை பற்றி நூல்கள் மிகுதியாகப் பேசும். அங்கே மக்கள் புகைவண்டியிலும் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் எல்லையைக் கடந்தனர். சிந்து மாநிலத்தின் நிலை வேறு. அங்கிருந்து நிலவழியே வரப் பாலைவனம் குறுக்கிட்டது. எனவே பலர் கராச்சித் துறைமுகத்தை நோக்கிச் சென்றனர். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, சில நாளில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு வந்தவரும் உண்டு. திரும்பியவர் மிகச் சிலர். துறையில் கூட்டம் கூட்டமாகக் காத்திருந்த இம்மக்களை மும்பைக்கும் கத்தியவார்க் கரைக்கும் பாதுகாப்பாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. சிந்தியர்களை இவ்வாறு இந்தியாவுக்குக் கொண்டுவருவதில் சுமதி மொரார்ஜி எடுத்துக்கொண்ட முயற்சி இன்றும் நன்றியோடு நினைக்கப்படுகிறது.

சரக்குக் கப்பலின் கணக்கு வேறு, அகதிக் கப்பலின் கணக்கு வேறு. அதில் திரும்பும் சுமைக்கு உறுதி இல்லை. ஏறுபவர்க்கு உணவும் நீரும் மருந்தும் வேண்டும். கைக்குழந்தைகளும் முதியவரும் இருப்பர். ஒரு நாள் தாமதம் என்றால் அலுவலகத்தில் அது நட்டக் கணக்கில் ஒரு வரி. கராச்சித் துறையில் அது அச்சத்தோடு கழியும் ஓர் இரவு. வந்திறங்கியவர்கள் மும்பையை அடுத்த கல்யாண் முகாமில் குடியேறினர். அதுவே பின்னர் உல்லாசநகர் என்னும் ஊராயிற்று. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் தாய்மொழியைப் பள்ளியில் தனிப்பாடமாகப் படிக்கிறார்கள், நீங்கள் இப்பயிற்சிநூலை வைத்துப் படிப்பதைப் போலவே. பிறந்த மண்ணை விட்டு வந்தவர்க்கு முதலில் தளர்வது நாக்கு என்பதை ஊர்விட்டு ஊர் மாற்றலாகும் ஓர் ஆசிரியருக்குத் தெரியும்.

விடுதலைக்குப் பின் கரையோரக் கடல் வாணிகம் இந்தியக் கப்பல்களுக்கே என ஒதுக்கப்பட்டது. 1956இல் இந்தியக் கப்பல் உரிமையாளர் சங்கத்துக்குச் சுமதி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அத்தகைய அமைப்பொன்றின் தலைமையில் ஒரு பெண் அமர்ந்தது உலகிலேயே அதுவே முதன்முறை. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவரையே தேர்ந்தெடுத்தனர். 1965இல் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். ஒருமுறை கிடைக்கும் பதவி மரியாதைக்காகவும் இருக்கலாம். போட்டியாளர்களாகிய பிற முதலாளிகள் நான்கு முறை ஒருவரையே அழைப்பது அவர் வேலை அறிந்தவர் என்பதால்தான். அவர் காலத்தில் சிந்தியாவிடம் 43 கப்பல்கள் இருந்தன. அவை ஒருங்கே ஏற்றக்கூடிய சுமை 5,52,000 டன். முன்பு 75,000 டன் என்று ஒப்பமிட நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். 1971இல் இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கியது.

ஈட்டிய பொருளை அவர் எங்கே செலவிட்டார்? ஜூகுவில் சுமதி வித்யா கேந்திரம் என்னும் பள்ளியை நிறுவினார். மாமனார் பெயரில் நரோத்தம் மொரார்ஜி கப்பல் தொழில் கல்வி நிறுவனம் மும்பையில் எழுந்தது. இந்த இரண்டாவது கொடையை நான் பெரிதாக மதிக்கிறேன். கப்பல் தொழிலின் நுணுக்கங்களைத் தந்தை மகனுக்கும் மாமன் மருமகனுக்கும் வீட்டுக்குள்ளேயே சொல்லிக்கொடுப்பதுதான் வழக்கம். சுமதியும் அப்படியே கற்றவர். எந்தக் குடும்பத்தையும் சேராத இளைஞர் ஒருவர் கட்டணம் செலுத்தி வகுப்பில் அமர்ந்து அவற்றைக் கற்க முடியும் என்பது அத்தொழிலின் கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

அவருடைய உதவிகளில் ஒன்று உலகெங்கும் பேசப்படுகிறது. 1965இல் ஏறக்குறைய எழுபது வயதான துறவி ஒருவர், அமெரிக்கா செல்ல இலவசப் பயணம் வேண்டி அவரிடம் வந்தார். பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதர் என்பது அவர் பெயர். அந்த வயதில், அந்தக் குளிரில், அறிமுகமில்லாத நாட்டில் அவர் என்ன ஆவாரோ என்று சுமதி முதலில் தயங்கினார். துறவி விடவில்லை. முடிவில் 'ஜலதூதா' என்னும் சரக்குக் கப்பலில் அவருக்கு இடம் தரப்பட்டது. ஆகஸ்டு 13ஆம் நாள் கொல்கத்தாவில் புறப்பட்ட கப்பல், கொழும்பிலும் கொச்சியிலும் நின்று, அட்லாண்டிக் கடலைக் கடந்து செப்டம்பரில் பாஸ்டனை அடைந்தது. அவர் அங்கே தொடங்கிய கிருஷ்ண பக்தி இயக்கம் பின்னர் பல நாடுகளில் பரவியது. கப்பலில் ஒரு சிற்றறை கொடுத்தவர்க்கு அவ்வளவு தொலைவு தெரிந்திருக்க வழியில்லை.

உலக வரலாற்றில் இத்தகைய பெண்கள் வேறு எவரும் உண்டா என நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் 'மேடம் வாக்கர்' என்னும் கறுப்பினப் பெண்மணி இருந்தார். சாரா என்பது இயற்பெயர். 1867இல் லூசியானா மாநிலத்தில், அடிமைத்தளையிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன்பே விடுபட்ட பெற்றோர்க்குப் பிறந்தவர். ஏழு வயதில் பெற்றோரை இழந்தார். இருபதுக்குள் கணவரையும் இழந்தார். பிறர் துணி வெளுத்து மகளை வளர்த்தார். பின்னர்த் தம்மைப் போன்ற பெண்களுக்கான கூந்தல் மருந்தைத் தயாரித்து வீடுவீடாக விற்று, ஆலை அமைத்து, ஆயிரக்கணக்கான பெண்களை விற்பனையாளராக்கினார். கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமைக்கு எதிரான இயக்கத்துக்கு 5,000 டாலர் அளித்தார். 1919 மே மாதம் மறைந்தார். 'லாயல்டி' கப்பல் மும்பையை விட்டுப் புறப்பட்டு அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வாக்கர் துணி வெளுக்கும் தொட்டியிலிருந்து எழுந்தவர். சுமதி மாளிகையிலிருந்து வந்தவர். இருவரையும் ஒரே தட்டில் நிறுத்தல் பொருந்தாது. சுமதி கட்டிய வீட்டைக் காத்துப் பெருக்கினார். வாக்கர் செங்கல்லையும் தாமே சுட்டார். தேர்வில் யார் பெரியவர் என்ற கேள்வி வராது. எனவே நீங்களே வகுப்பில் வாதிட்டுக்கொள்ளலாம்.

சிந்தியாவின் பிற்காலம் மகிழ்ச்சியானதன்று. சரக்கைத் தனித்தனி மூட்டையாக ஏற்றும் பழைய கப்பல்களின் இடத்தைப் பெட்டகக் கப்பல்கள் பிடித்தன. எரிபொருள் விலை பன்மடங்காயிற்று. 1980களில் உலகெங்கும் கப்பல் கட்டணங்கள் சரிந்தன. நிறுவனம் கடனில் ஆழ்ந்தது. எழுபது வயதில், 1979இல், சுமதி அதன் தலைவராகப் பொறுப்பேற்றார். பிறர் ஓய்வெடுக்கும் வயதில் அவர் ஏற்றது மூழ்கும் கப்பலின் சுக்கான். எட்டு ஆண்டுகள் பிடித்துப் பார்த்தார். 1987இல் கடன்பட்ட நிறுவனத்தை அரசு ஏற்றுக்கொண்டது. அது மீண்டும் தலையெடுக்கவில்லை. நிருவாகம் இன்னும் முன்னதாகவே மாறியிருக்க வேண்டும் என்று கருதுவோரும் உண்டு. அதில் உண்மையும் இருக்கலாம். ஒரு பெரிய நிறுவனம் சரியும்போது முதலாளியின் பெயர் நூல்களில் நிற்கும்; நிலுவைச் சம்பளத்துக்குக் காத்திருந்த மாலுமியின் பெயரும் கணக்கரின் பெயரும் நிற்பதில்லை. ஓய்ந்து கிடக்கும் தேயிலை ஆலையைப் பார்த்து வளர்ந்த போனக்காட்டுப் பிள்ளைகளுக்கு இதை விரித்துரைக்க வேண்டா.

1998 ஜூன் 27ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில், சுமதி மொரார்ஜி மும்பையில் காலமானார். ஜூகுவில் அவர் தொடங்கிய பள்ளி நடக்கிறது. சிந்தியா நிறுவனத்தின் கப்பல்கள் ஒன்றும் இன்று கடலில் இல்லை. விசாகப்பட்டினத்தில், கப்பல் கட்டும் தளத்தை ஒட்டிய பகுதிக்கு மட்டும் இன்னும் சிந்தியா என்றே பெயர். நகரப் பேருந்தில் ஏறுவோர் நாள்தோறும் அப்பெயரைச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்குகிறார்கள்.